பாட்டியின் முகமும் பத்தடி வரவேற்பறையும்

எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவின் படம் மாட்டியிருக்கிறது. அடையாள அட்டையில் இருந்த படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கியது. தாத்தா இறந்த அன்று மாலை, பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போதே அப்பா அவசரமாக ஓடிப்போய்ச் செய்துகொண்டு வந்தார். தபால்தலை அளவுப் படத்தைச் சுவர் அளவுக்கு இழுத்தால் என்ன ஆகும்? முகம் மாவு பூசியதுபோல் மங்கிவிட்டது. கண்கள் யாரையும் பார்ப்பதில்லை. தாத்தா சிரிக்காமல் இருந்த நேரமே குறைவு என்று அம்மா சொல்வார். சுவரில் இருப்பவரோ சிரிக்கக் கூடாது என்று அதிகாரி சொன்னதும் பயந்து உட்கார்ந்தவர்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கலாம். 1948-இல் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டபோது, மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பதிந்து, படமும் கைரேகையும் வைத்த அடையாள அட்டை கொடுத்தார்கள். தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த நம் முன்னோர் பலருக்கு அதுதான் முதல் படமாக இருந்திருக்கும். ஆளைக் கண்காணிக்க எடுத்த படம், ஆள் போன பிறகு வீட்டின் ஒரே நினைவாக நின்றுவிடுகிறது.

பாட்டிக்கு இப்போது 78 வயது. ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், உளியும் வாளியுமாக வாழ்ந்தவர். இன்று சுங்கை காடுட்டில் தாமான் வீட்டில் எங்களோடு இருக்கிறார். இந்த வட்டாரத்தில் பல தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான்களாகவும் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. பாட்டி மட்டும் மாறாமல் நான்கு மணிக்கே எழுந்துவிடுகிறார். அவருக்கு ஒரு நல்ல படம், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் பார்த்து மகிழும்படி எடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்காகத்தான் லென்ஸ் தேடினேன். தேடும்போது செய்த தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களுக்குக் கொஞ்சம் காசு மிஞ்சலாம்.

கேமரா, அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கி, பிறகு மறந்துபோன பழைய கேனன். அதோடு வந்த லென்ஸ் 18-55 மி.மீ. அந்தக் காலத்துத் தொடக்கநிலைக் கேமராக்கள் பெரும்பாலும் இந்த லென்ஸோடுதான் வந்தன. முதல் முயற்சி ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பாட்டி கோயிலுக்குப் போய்வந்த பிறகு. குழல்விளக்கு வெளிச்சத்தில் கேமரா தேர்ந்தெடுத்த ஷட்டர் வேகம் ஒரு வினாடியில் 15-இல் ஒரு பங்கு. பாட்டி பேசாமல் இருந்தால் சரி. பாட்டி எங்கே பேசாமல் இருந்தார்? பத்துப் படமும் கலங்கல்.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

லென்ஸின் மேல் இரண்டு வகை எண்கள் இருக்கும். முதலாவது குவியத் தூரம். படிவம் நான்கு இயற்பியலில் 'பாஞ்சாங் ஃபோக்கஸ்' என்று படித்தோமே, அதேதான். எண் கூடக் கூட லென்ஸ் பார்க்கும் அகலம் குறுகும், ஆள் பெரிதாகத் தெரிவார். இரண்டாவது துளையின் எண். எஃப் 1.8, எஃப் 5.6 என்று எழுதுவார்கள். இது தலைகீழ்க் கணக்கு. எண் சிறிதானால் துளை பெரிது, உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்.

என் 18-55 லென்ஸை 55-க்குத் திருப்பினால் அதன் பெரிய துளையே எஃப் 5.6 தான். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று அதைவிட ஏறக்குறைய ஒன்பது, பத்து மடங்கு வெளிச்சத்தை விடும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள். அதாவது 15-இல் ஒரு பங்கு வினாடி என்பது 150-இல் ஒரு பங்கு வினாடியாகிவிடும். பாட்டி தாராளமாகப் பேசலாம்.

வெளிச்சத்துக்காக லென்ஸ் தேடுவது நம் காலத்துக் கவலை மட்டுமல்ல. 1839-இல் டாகெர் தன் முறையை உலகுக்குக் காட்டியபோது, முகத்தை எடுக்க வெயிலில் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே, 1840-இல், வியன்னாவில் இருந்த கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால், முகம் எடுப்பதற்கென்றே எஃப் 3.6 அளவுத் துளை கொண்ட லென்ஸைக் கணக்குப் போட்டு வடிவமைத்தார். பீரங்கிப் படையில் கணக்குத் தெரிந்த வீரர்களை அவருக்கு உதவியாகக் கொடுத்தார்களாம். ஃபோய்க்லெண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. மனிதர்களின் முகம் கடைத்தெரு ஸ்டூடியோவில் எடுக்கக்கூடிய பொருளாக மாறியதில் அந்த லென்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று மாணவர் கைக்கு எட்டும் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, பெட்ஸ்வாலின் லென்ஸைவிட நான்கு மடங்கு வெளிச்சம் விடுகிறது.

எல்லாரும் சொல்லும் 50

எந்தக் கடையில், எந்த நண்பரிடம் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: "50 மி.மீ. எஃப் 1.8 வாங்கு." மோசமான பதில் இல்லை. உருவாக்க எளிய வடிவம், அதனால் விலை குறைவு. கேனனில் 1990-இல் வந்த இரண்டாம் பதிப்பு முழுக்கப் பிளாஸ்டிக், எடை 130 கிராம்தான். 2015-இல் வந்த எஸ்டிஎம் பதிப்புக்குக் கேமராவோடு பொருந்தும் வளையம் உலோகம், ஃபோக்கஸ் சத்தம் குறைவு. பழைய பொருளாக வாங்குவதென்றாலும் எஸ்டிஎம்மையே தேடுங்கள்.

ஒரு கணக்கு மட்டும் கடைக்காரர் சொல்ல மறக்கலாம். தொடக்கநிலைக் கேமராவின் சென்சார் பெரும்பாலும் சிறியது. அதில் 50 மி.மீ. லென்ஸ், முழுச் சட்டக் கேமராவில் 80 மி.மீ. லென்ஸ் எவ்வளவு குறுகலாகப் பார்க்குமோ அப்படிப் பார்க்கும். இது கேனன் கணக்கு. நிக்கோன், சோனியில் 75. முகத்துக்கு இது அருமையான அளவு. தூரத்தில் நின்று எடுப்பதால் மூக்கு புடைக்காது, காது பின்னால் ஒதுங்காது. கைப்பேசியை இரண்டடியில் நீட்டி எடுத்த படத்தில் நம் முகம் நமக்கே பிடிக்காமல் போவதற்குக் காரணம் அந்த நெருக்கம்தான்.

டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில், ஒருவர் பயன்படுத்திய 50 எஸ்டிஎம்மை 320 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து, தலை முதல் பாதம் வரை எடுக்கப் பின்னால் நகர்ந்தேன். நகர்ந்தேன். முதுகு டிவி மேசையில் இடித்தது. கண்ணாடிக்குள் பாட்டியின் மடி வரைதான் தெரிந்தது. எங்கள் வரவேற்பறை ஒரு பக்கம் 10 அடி, இன்னொரு பக்கம் ஒன்பது. அதிலும் சோஃபா மூன்றடியைப் பிடித்துக்கொண்டது.

"என்னா கண்ணு, செவத்துக்குள்ள போகப் போறியா?" என்றார் பாட்டி.

அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், வாங்குவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டியதை. கேனனின் சிறிய சென்சார் 22.3 மி.மீ. நீளம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், படத்தில் அடங்கும் உயரம் = தூரம் × 22.3 ÷ குவியத் தூரம். இடுப்புக்கு மேல் எடுக்க சுமார் 90 செ.மீ. உயரம் வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு அதற்குச் சுமார் ஆறரை அடி தூரம் போதும். நாற்காலியில் உட்கார்ந்தவரை முழுதாக எடுக்க 11 அடி. நிற்பவரை முழுதாக எடுக்க 14 அடி. அதையே 35 மி.மீ. லென்ஸில் எடுத்தால் உட்கார்ந்தவருக்கு எட்டடி, நிற்பவருக்குப் பத்தடி போதும். சிலர் 85 மி.மீ. லென்ஸைச் சிபாரிசு செய்வார்கள். அதில் இடுப்புக்கு மேல் எடுக்கவே 11 அடி, நிற்பவரை முழுதாக எடுக்க 24 அடி. தோட்டத்துப் பந்துத் திடலில் எடுக்கலாம். லயத்து வீட்டிலும் அடுக்குமாடி வீட்டிலும் முடியாது.

ஆகவே லென்ஸ் வாங்கப் போகிறவர் முதலில் எடுக்க வேண்டியது அளவுநாடா. நீங்கள் யாரை, எந்த அறையில், எந்த அளவில் எடுக்கப் போகிறீர்கள்? இணையத்தில் லென்ஸ்களை ஒப்பிடுபவர்களின் வீட்டு வரவேற்பறை நம்முடையதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

இன்னும் எளிய வழி ஒன்று உண்டு, ஒரு காசும் செலவில்லை. கையில் இருக்கும் 18-55 லென்ஸை 50-க்குத் திருப்பி, வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் அதிலேயே எடுங்கள். அடுத்த வாரம் 35. எந்த வாரம் உங்கள் முதுகு சுவரில் இடிக்கவில்லையோ அந்த லென்ஸை வாங்குங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களில் உங்களுக்குப் பிடித்த பத்தைத் தேர்ந்தெடுத்து, கணினியில் அவற்றின் விவரங்களைப் பார்த்தால் எந்தக் குவியத் தூரத்தில் எடுத்தீர்கள் என்று தெரியும். அதுவும் ஒரு சாட்சி.

கேமராவுக்கு ஏற்ற லென்ஸ்

பிராண்டு சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. உங்கள் கையில் இருக்கும் கேமராதான் உங்கள் பிராண்டு. ஆனால் பொருத்தம் பார்க்காமல் வாங்கினால் பணம் போய்விடும்.

நிக்கோன் டி3000, டி5000 வரிசைக் கேமராக்கள் பழைய சந்தையில் ஏராளம். அவற்றின் உள்ளே ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. 'ஏஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 டி' என்ற பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கும், மாட்டவும் மாட்டலாம், ஆனால் தானாக ஃபோக்கஸ் ஆகாது. கையால் திருப்ப வேண்டும். 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரிசையில் 2009-இல் வந்த டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8 ஜி, சிறிய வீட்டுக்காரர்களுக்கு என் முதல் சிபாரிசு. வெளியே எடுப்பவர்களுக்கு 2011-இல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8 ஜி.

கேனனின் கண்ணாடியில்லாத புதிய கேமரா என்றால் பழைய ஈஎஃப் லென்ஸ் நேரடியாகப் பொருந்தாது, இடையில் அடாப்டர் வேண்டும். அந்தக் காசையும் கூட்டிப் பார்த்தால் 2020-இல் வந்த ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 பெரிய வித்தியாசமாக இருக்காது. சோனியின் சிறிய சென்சார் கேமராக்களுக்கு இ 50 மி.மீ. எஃப் 1.8 ஓஎஸ்எஸ் இருக்கிறது. கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதி லென்ஸிலேயே உள்ளது.

ஹீலியோஸ் போன்ற பழைய சோவியத் லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்டும் மோகமும் நம் மாணவர்களிடையே உண்டு. பின்புலம் சுழல்வதுபோல் வரும், அழகுதான். ஆனால் முதல் லென்ஸாக வேண்டாம். கையால் ஃபோக்கஸ் செய்து முடிப்பதற்குள் பாட்டி எழுந்து அடுப்பை அணைக்கப் போய்விடுவார்.

பழைய லென்ஸ் வாங்கும்போது ஒரு டார்ச் கொண்டுபோங்கள். லென்ஸின் ஒரு முனையில் ஒளியைப் பாய்ச்சி மறுமுனை வழியாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் கவலையில்லை. சிலந்தி வலைபோல், வேர்போல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் நாட்டு ஈரப்பதத்தில் அலமாரியில் பூட்டிவைத்த லென்ஸுக்கு இது எளிதாக வரும், விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். பிறகு உங்கள் கேமராவிலேயே மாட்டி, அருகில் ஒன்று, தூரத்தில் ஒன்று என ஃபோக்கஸ் ஆகிறதா, துளை திறந்து மூடுகிறதா என்று எடுத்துப் பாருங்கள். வாங்கிவந்த லென்ஸுக்கு விலையுயர்ந்த உலர்பெட்டி வேண்டியதில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், செய்யாதீர்கள், அதன் மாவு லென்ஸுக்குள் போகும்.

வாங்கும் எண்ணம் உறுதியாகவில்லையென்றால் கோலாலம்பூரில் லென்ஸை நாள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. இங்கிருந்து கொமுட்டர் ஏறினால் போய்வந்துவிடலாம்.

வாசற்படி

320 ரிங்கிட் கொடுத்தாகிவிட்டது. அறையை நீட்ட முடியாது. 35-ஐ வாங்க இன்னும் மூன்று மாதம் டியூஷன் சொல்ல வேண்டும். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பாட்டியே வழிகாட்டினார், அவருக்குத் தெரியாமலே. தினமும் காலை பத்து மணிக்கு வாசற்படிக்கு உள்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்வார். பெரிய வெளிச்சம் முன்னாலிருந்து, வெயில் நேரே படாமல், மெதுவாக முகத்தில் விழுகிறது. பின்னால் இருக்கும் அறை இருட்டு. நான் கார் நிறுத்தும் இடத்துக்குப் போனால் பதினைந்து அடி வரை பின்வாங்கலாம்!

அன்று இரண்டு விஷயம் கற்றேன். ஒன்று, எஃப் 1.8 என்று எழுதியிருக்கிறது என்பதற்காக 1.8-இலேயே எடுக்கக் கூடாது. மூன்றடி நெருக்கத்தில் 1.8-இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் ஓர் அங்குலம்தான். பாட்டியின் ஒரு கண் தெளிவு, மறு கண் கலங்கல், மூக்குத்தி காணவே காணோம். ஐந்தடிக்குத் தள்ளி நின்று, துளையை எஃப் 2.8 ஆக்கினேன். ஆழம் நான்கு அங்குலத்துக்கு அருகே வந்தது. பின்னால் இருந்த அறை அப்போதும் மங்கலாகவே இருந்தது.

இரண்டாவது, நம் தோல் நிறம். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். முன்பு வெள்ளைச் சேலையில், வெள்ளைச் சுவர் முன்னால் பாட்டியை எடுத்தபோது கேமரா பயந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்தது, முகம் கருத்துப்போனது. வாசற்படியிலோ பின்புலம் இருட்டு, அதனால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுப்பாக்கியது. ஒன்றில் கூட்டியும் ஒன்றில் குறைத்தும் நாம்தான் சரிசெய்ய வேண்டும். அல்லது ஸ்பாட் அளவீட்டுக்கு மாறி முகத்தை மட்டும் அளக்கலாம். இதில் ஒரு பழைய கதையும் உண்டு. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சுக் கூடங்களுக்கு 'ஷெர்லி அட்டை' என்று ஒன்றை அனுப்பும். வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. பல நிறத்துப் பெண்கள் உள்ள அட்டை வர 1990-கள் ஆயிற்று. நம் பழைய கல்யாண ஆல்பங்களில் மணமகள் சாம்பலாகவோ கரியாகவோ இருந்தால், எல்லாப் பழியையும் படம் எடுத்தவர் மேல் போடாதீர்கள்.

"எதுக்கு இம்புட்டு எடுக்கிற? மாலை போடுறதுக்கா?" என்று பாட்டி கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. பாட்டியே தொடர்ந்தார். "போட்டுக்க. ஆனா உங்க தாத்தா படம் மாதிரி போலீஸ்காரன் எடுத்தாப்ல இருக்கக் கூடாது." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பொத்தானை அழுத்தினேன். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 400, வினாடியில் 250-இல் ஒரு பங்கு. மடியில் கீரை, கையில் காம்பு, விரலில் உளி பட்ட பழைய தழும்பு.

தழும்பு தெரிகிறதே, கணினியில் நீக்கிவிடவா என்று கேட்டேன். "அத எடுத்துட்டா அது யாரு கையி?" என்றார்.

12-க்கு 16 அங்குலத்தில் அச்சடித்தோம். பாட்டி சாமி அறைக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லவில்லை. வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று டிவிக்கு மேலே மாட்டச் சொன்னார். நான் முதுகில் இடித்துக்கொண்ட அதே இடம்.

இப்போது வேறொரு வேலை வந்திருக்கிறது. பாட்டியோடு ஒரே தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த சிநேகிதி ஒருவர் சிரம்பானில் அடுக்குமாடி வீட்டின் நான்காவது மாடியில் இருக்கிறார். மாடி இறங்க முடியாத கால். அவருக்கும் ஒரு படம் வேண்டுமாம். வாசலுக்கு வெளியே நடைபாதை நாலடிதான் என்கிறார் அவர் பேத்தி. சன்னல் எந்தப் பக்கம், அதிலிருந்து எதிர்ச் சுவர் எத்தனை அடி என்று அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எட்டடிக்குக் குறைந்தால் 50-ஐ வீட்டில் வைத்துவிட்டு, பழைய 18-55-ஐ எடுத்துக்கொண்டு காலை வெளிச்சத்தில் போவதாக இருக்கிறேன்.